கண்ணாடி அசையாமல் திரும்பும் ஒளி

கூரையில் உருளை சுழல ஓடும் ஓட்டுநரில்லாக் காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த உருளைதான் லிடார். லேசரை நாலாபக்கமும் வீசி, ஒளி பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும். 2007-இல் அமெரிக்காவில் நடந்த ‘டார்பா’ ஓட்டுநரில்லாக் கார் பந்தயத்தில் பல கார்கள் சுமந்தது வெலோடைன் நிறுவனத்தின் 64 லேசர் லிடார். விலை சுமார் 75,000 டாலர். மோட்டார், பேரிங் என்று தேய்கிற சமாச்சாரங்கள் வேறு.

எதையும் சுழற்றாமலே கற்றையைத் திருப்ப முடியாதா? ரேடார்காரர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் அலையையும் பக்கத்து ஆன்டெனாவைவிடத் துளி தாமதமாக விட்டால் போதும். அணிவகுப்பில் ஒரு முனைக்காரர் நடையைத் தளர்த்தினால் வரிசையே அந்தப் பக்கம் திரும்புவதுபோல, கற்றையும் தாமதித்த பக்கம் சாயும். சிலிக்கான் சிப்பில் ஒளி ஓடும் பாதையைக் கொஞ்சம் சூடாக்கினால் ஒளி மெதுவாகும். தாமதம் கைக்கு வந்துவிடும். இதுதான் ஆப்டிகல் ஃபேஸ்டு அர்ரே.

சிக்கல் இடைவெளியில். ஆன்டெனாக்கள் அரை அலைநீளத்துக்குள் நெருங்கி நிற்காவிட்டால் போலிக் கற்றைகள் வேறு திசைகளில் கிளம்பும். 3 செ.மீ. ரேடார் அலைக்கு ஒன்றரை செ.மீ. இடைவெளி, கையாலேயே பொருத்திவிடலாம். 1550 நானோமீட்டர் ஒளிக்கோ வெறும் 775 நானோமீட்டர். அவ்வளவு நெருக்கினால் ஒரு பாதையின் ஒளி அடுத்ததில் கசியும். காருக்குப் போலிக் கற்றை விளையாட்டல்ல. பக்கத்துச் சுவரில் பட்டு வந்ததை, எதிரே நிற்கும் லாரி என்று எடுத்துக்கொள்ளும்.

2013-இல் எம்.ஐ.டி.யின் மைக்கேல் வாட்ஸ் குழு 4,096 ஆன்டெனாக்களை 0.6 மி.மீ.கூட இல்லாத சதுரத்தில் அடக்கி, எம்.ஐ.டி. சின்னத்தை ஒளியால் வரைந்தது. ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தப் படம் அழகுதான். ஆனால் தாமதங்கள் சிப் செய்யும்போதே பொறிக்கப்பட்டவை, மாற்ற வழியில்லை. விருப்பப்படி திருப்ப முடிந்தது, அதே கட்டுரையில் அடக்கமாக இடம்பெற்ற 64 ஆன்டெனா அணியைத்தான். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

வியாபாரம் அவசரப்பட்டது. இதே நுட்பத்தில் 250 டாலருக்கு லிடார் என்று 2016-இல் அறிவித்த குவானர்ஜி, 2022 டிசம்பரில் திவால் மனு போட்டது.

இந்த நுட்பத்துக்கு முதல் நல்ல வேலை காரில் அல்ல, கம்பத்தில் கிடைக்கும் என்றே தோன்றுகிறது. கூகுளின் தாய் நிறுவனத்தில் பிறந்த தாரா, காங்கோ ஆற்றின் மேல் சுமார் 5 கி.மீ. தூரத்துக்கு, பிராஸாவில்லிலிருந்து கின்ஷாசாவுக்கு ஒளிக்கற்றையில் இணையம் அனுப்பியது. பெட்டியைத் தாங்கும் கம்பம் ஆடினால் கற்றையைப் பிடித்து நிறுத்துவது அதிலுள்ள கண்ணாடிகள். இங்கே நாலாபக்கமும் துழாவ வேண்டாம், சிறு கோணத்தில் திருத்தினால் போதும். 2025-இல் அந்தக் கண்ணாடிகளின் வேலையை விரல்நக அளவு சிப்பிடம் கொடுத்தார்கள். சோதனையில் அது 1 கி.மீ. எட்டியது, கண்ணாடி வைத்த பெட்டி 20 கி.மீ. வரை போகும்.