லயத்துக் கானுக்கு யார் பொறுப்பு?

பதுளைப் பக்கம் ஐப்பசியில் பிடிக்கும் மழை தை வரை இழுக்கும். பசறை, மடுல்சீமை, ஹாலிஎலத் தோட்டங்களில் அந்த மாதங்களில் தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் வாழும் சனத்துக்குப் பயம் இரண்டு. மண்சரிவு ஒன்று, கக்கூஸ் குழி நிரம்பிக் கானில் ஓடுவது மற்றது. பத்திரிகையில் வருவது முதலாவது மட்டுந்தான்.

மலைச்சரிவில் மேல் லயத்துக் கழிவு கீழ் லயத்து வாசலுக்கு வராமல் வேறெங்கே போகும்? வெள்ளைக்காரன் காலத்துக் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. மழையில் ஊறிய மண் குழித்தண்ணீரை உறிஞ்சுவதில்லை. அது இஸ்தோப்பை நனைத்து, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கலந்து இறங்குகிறது. பல லயங்களில் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் பீலிதான். கீழே வயல்கள், அப்புறம் ஓயா, கடைசியில் மகாவலி.

இந்தக் கழிவுப் பிரச்சினை புதிதல்ல. முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. மருந்து போதாது, மலசலகூடம் வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். மருந்துக்குத் தலையாட்டிய தோட்டத் துரைமார் பலருக்குக் கட்டடச் செலவு கசந்தது. (துரைமார் மாறிவிட்டார்கள், கசப்பு அப்படியே இருக்கிறது.)

எனக்குக் கோபம் வருவது சட்டத்தின் மேல். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செலவழிக்கத் தடையாக நின்றது. தோட்டத்து ஆள் வாக்குப் போட முடிந்தது, வென்று உறுப்பினராக முடிந்தது. ஆனால் தன் லயத்துக் கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து ஒதுக்க முடியவில்லை. தோட்டத்தை நடத்தும் கம்பனியிடம் போனால் சபையைக் கைகாட்டியது, சபை கம்பனியைக் காட்டியது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 ஆகிவிட்டது. முப்பத்தொரு மழைக்காலம்! திருத்திய பிறகும் வருமானமில்லாத சபைகளின் கை நீளவில்லை.

மற்றப் பயத்திலும் இதே கதைதான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடமென்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எழும்பிப் போகச் சொன்னவர்கள் எங்கே போவதென்று சொல்லவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மலைகள் சரிந்தபோதும் அதே கேள்விதான்.

கழிவுக்கும் முடிச்சு காணியில்தான் விழுந்திருக்கிறது. அரசுக்குச் சொந்தமான தோட்டக் காணிகளை 1992இல் நிர்வாகத்துக்கு எடுத்த பெருந்தோட்டக் கம்பனிகளிடம் அவை 2045 வரை குத்தகையில் இருக்கின்றன. நாலு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த பல குடும்பங்களுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. சொந்தக் காசில் ஒரு மலக்குழி வெட்டுவதென்றாலும் தோட்ட ஒபீஸில் கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.