குழந்தையின் முதற் கவளம்

பொழுது நன்கு புலர்வதற்கு முன்பே பீன்யாவின் தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களுக்கும் ஆடவரும் பெண்டிரும் சோற்றுப் பாத்திரத்துடன் விரைகின்றனர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்பை நாடி வந்த நம்மவர் பலரும் அக்கூட்டத்தில் உளர். பெரியவர்களின் சோறு பாத்திரத்தில் ஏறிவிட்டது. வீட்டில் உறங்கும் ஆறு மாதக் குழந்தையின் சோறு எங்கே? அதனை எப்போது தொடங்குவது, எப்படி ஆக்குவது, யார் ஊட்டுவது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொந்த ஊரில் இருந்திருந்தால் இவ்வினாக்கள் எழுந்திருக்கமாட்டா. பாட்டியோ, அத்தையோ, அண்டை வீட்டுப் பெரியம்மாவோ வேளை அறிந்து கஞ்சி காய்ச்சியிருப்பார்கள். இங்கே ஓர் அறையில் குடியிருக்கும் இளந்தாய்க்குத் தொலைபேசியில் வரும் பாட்டியின் குரலே துணை. அந்நிலையில் நல்ல தாய்மாரும் இரண்டு பிழைகளைச் செய்துவிடுகின்றனர். ஒன்று, காலம் தாழ்த்துதல். மற்றொன்று, கஞ்சியை நீர்க்கச் செய்தல்.

முதலில் காலத்தை நோக்குவோம். பிறந்தது முதல் ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும், தாய்ப்பாலுடன் பிற உணவையும் தொடங்குதல் வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரையும், அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். உலக சுகாதார நிறுவனம் கூறும் முறை இதுவே. இதற்குக் காரணம் உண்டு. தாயின் வயிற்றிலிருந்தபோது குழந்தை சேமித்து வைத்த இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறு மாதத்திற்கே வரும். தாய்ப்பாலில் அச்சத்து மிகக் குறைவு. மேலும், ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் சுமார் 300 கலோரியும் பிற உணவிலிருந்து கிடைத்தல் வேண்டும்.

நம் குடும்பங்களில் இக்காலம் தவறுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. குலதெய்வக் கோவிலில் சோறூட்டிய பின்பே குழந்தைக்கு அன்னம் தரலாம் என்பது பலர் வழக்கம். விடுமுறையும் பயணச் செலவும் கூடிவரக் காத்திருப்பதில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஏழாம் மாதம் போய் எட்டாம் மாதமும் பிறந்துவிடுகிறது. அன்பர்களே, சடங்கு காத்திருக்கலாம். குழந்தையின் வயிறு காத்திராது. ஆறு மாதம் நிறைந்த நாளில், வீட்டிலேயே விளக்கேற்றி முதற் கவளத்தை ஊட்டிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது சந்நிதியில் மீண்டும் ஊட்டுங்கள். பசியாற்றிய பிள்ளையை ஏந்தி வருவதற்காக எந்தத் தெய்வமும் முகம் சுளிக்காது.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். அரிசி மாவையோ கேழ்வரகு மாவையோ காய்ச்சினால் அது விரைவில் இறுகிவிடும். குழந்தையால் விழுங்க இயலாதென அஞ்சி, தாய் மேலும் மேலும் நீர் விடுகிறாள். எட்டு மாதக் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லி லிட்டரே கொள்ளும். அச்சிறு பையை நீர் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? குழந்தை வயிறு நிறைந்து உறங்கும். ஆனால் எடை ஏறாது. ‘நன்றாகத்தான் குடிக்கிறான், உடம்பு தேறவில்லை’ என்று வருந்தும் தாய், குழந்தையின் ஊழை நோகாமல் கஞ்சியின் பதத்தை நோக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஓடிவிடாமல், மெல்ல வழுக்கி விழும் கஞ்சியே தக்க கஞ்சி.

இச்சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட வழி முளைகட்டுதல். தானியம் முளைவிடும்போது, மாவுப் பொருளைச் சிதைத்து இனிப்பாக மாற்றும் ஒரு நொதி அதில் பெருகுகிறது. முளைத் தானிய மாவைக் காய்ச்சினால், அதிக நீர் விடாமலே கஞ்சி இளகி நிற்கும். ஆகவே, அதே கிண்ணத்தில் கூடுதல் சத்து அடங்கும். மைசூரில் 1950-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்களான மல்லேஷியும் தேசிகாச்சாரும், முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப் பயற்றையும் கொண்டு இத்தகைய குழந்தை உணவை அமைத்து, 1982-இல் அதன் விவரத்தை வெளியிட்டனர். கன்னடத் தாய்மார் ‘ராகி சரி’ என்று தம் குழந்தைகளுக்கு ஊட்டுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பதோ மிகச் சொற்பம்.

செய்முறை எளிது. கேழ்வரகைக் கல்நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி வையுங்கள். ஓரிரு நாளில் முளைவிடும். மார்கழிக் குளிரில் இன்னும் சிறிது பொறுக்க வேண்டும். பச்சைப் பயற்றையும் அவ்வாறே தனியாக முளைகட்டலாம். பிறகு, பட்டறைத் தூசி படியாதபடி மெல்லிய துணியால் மூடி உலர்த்துங்கள். வேரைத் தேய்த்து நீக்கி, மணம் வரும் அளவுக்கு இளஞ்சூட்டில் வறுத்து அரையுங்கள். கருக வறுத்தால் நொதி அழிந்து முளைகட்டிய பயன் போய்விடும். அரைத்த மாவைத் துணியில் சலித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காய்ச்சும்போது, மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, சிறு தீயில் கிளறி, நன்றாகக் கொதிக்க விடுங்கள். இறக்கியபின் சிறிது நெய் சேர்த்தால் ஆற்றல் கூடும்.

முதல் நாள் இரண்டு மூன்று கரண்டி போதும். துப்பினால் வெறுப்பென்று எண்ணாதீர். புதுச் சுவையை நாக்கு பழகுகிறது, அவ்வளவே. எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் ஊட்டுதல் முறை. கேழ்வரகு ஒன்றே போதாது. குழைந்த பருப்புச் சாதம், மசித்த கீரை, பூசணி, கேரட், வாழைப்பழம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்குங்கள். புலால் உண்ணும் குடும்பத்தார் முட்டையையும், முள் நீக்கிய மீனையும், நன்கு வெந்து மசித்த ஈரலையும் ஆறு மாதத்திற்குப் பின் தரலாம். இரும்புச் சத்துக்கு இவை சிறந்தவை. ஓராண்டு நிறையும் வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. தேனை நாவில் தடவும் வழக்கத்தை அறவே விட்டுவிடுக. ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு அதனால் கொடிய நச்சு நோய் நேரக்கூடும். முழு வேர்க்கடலை முதலியன தொண்டையில் அடைக்கும். பால் புட்டியைக் காட்டிலும், கிண்ணமும் கரண்டியுமே தூய்மைக்கு ஏற்றவை.

வேலைக்குத் திரும்பும் தாயின் நிலை கடினமானதே. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். ஆதலால் அவள் பணிக்குத் திரும்பும் வேளையும், குழந்தை சோறு தொடங்கும் வேளையும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம். இது சலுகையன்று, சட்டம் தந்த உரிமை. கேட்கத் தயங்காதீர்கள். காப்பகம் இல்லாத இடத்தில் வேலை செய்வோர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் கஞ்சியின் பதத்தையும், வேளையையும், கை கழுவுவதையும் நேரில் செய்து காட்டிவிட்டுச் செல்லுங்கள். காலையில் காய்ச்சிய கஞ்சியை மாலை வரை வைத்திருத்தல் கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாய்க் காய்ச்சச் சொல்லுங்கள்.

அங்கன்வாடியையும் நாடுங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஊட்டுணவு, 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இலவசம். அங்கே மாதந்தோறும் எடையும் பார்ப்பார்கள். கஞ்சியின் பதம் சரியா என்பதைத் தராசே சொல்லிவிடும். வேற்று மாநிலத்தார் என்றோ கன்னடம் தெரியாதென்றோ ஒதுங்கி நிற்க வேண்டாம். குழந்தையைக் காட்டி ‘ஆறு திங்களு’ என்றாலே அவர்கள் புரிந்துகொள்வார்கள். திங்கள் என்பது நமக்கும் மாதந்தானே!

பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் ராகி சரி கிளறும்போது ஒரு முறை அருகே நின்று பாருங்கள். நம் பாட்டியின் கேழ்வரகுக் கஞ்சியின் மணம் அங்கே வீசும். ஊரை விட்டு வந்தோம்; ஆயினும் ஊரின் தானியம் இங்கும் விளைகிறது. அதனை உரிய காலத்தில், உரிய பதத்தில், நம் குழந்தையின் வாயில் இடுவோமாக!