காதணி தடுத்த தேர்

பட்டினப்பாலை என்ற சங்கப் பாட்டில் ஒரு போக்குவரத்துத் தடங்கல் வருகிறது. இடம், காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு வீட்டு முற்றம். தானியம் காயப் போட்டிருக்கிறது. காவலுக்கு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கோழி வந்து கொத்துகிறது. கைக்கெட்டும் தூரத்தில் கல் இல்லை போலிருக்கிறது. காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றிக் கோழிமேல் வீசுகிறாள். கோழி ஓடிவிடுகிறது, குழை தரையிலேயே கிடக்கிறது. அந்த வழியாகச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். குதிரையெல்லாம் கிடையாது, கையால்தான் உருட்டல். தேர் குழையில் முட்டி நின்றுவிடுகிறது.

இதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்ல வந்தது அந்த ஊரின் செல்வத்தை. நகையை எறிந்து கோழி விரட்டும் ஊர்! தமிழ் வகுப்பில் அதைச் சொல்வார்கள். அறிவியல் பக்கத்தில் நாம் கேட்க வேண்டியது வேறு: ஒரு காதணி எப்படி ஒரு தேரை நிறுத்தும்?

நடை பழகும் தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களின் நடைவண்டியைப் பற்றி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். “புது வண்டிதான், ஆனா பாய் ஓரத்துல கூட மாட்டிக்குது. நிலைப்படியைத் தாண்ட மாட்டேங்குது. இவன் வேகமா தள்ளிக் குப்புற விழுறான்” என்பார். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்களுக்கு வந்த அதே சிக்கல்தான் இது.

சக்கரம் ஒரு தடையைத் தாண்ட வேண்டுமானால், தடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். பெரிய சக்கரம் 1 செ.மீ. உயரத் தடையைத் தொடும் இடம், சக்கரத்தின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும். ஏறுவது எளிது. சின்னச் சக்கரத்துக்கோ அதே தடை கிட்டத்தட்ட அச்சின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. நீங்கள் தள்ளுகிற விசையில் பெரும்பகுதி தடையை முட்டுவதிலேயே போய்விடும். தூக்கிவிட மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சக்கரத்தின் ஆரம் 2.5 செ.மீ., தடை 1 செ.மீ. என்றால், அந்தச் சக்கரம் சுமக்கும் எடையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான விசையோடு தள்ள வேண்டும். ஆரம் 10 செ.மீ. ஆனால், எடையில் பாதிகூட வேண்டியதில்லை. தடையின் உயரம் ஆரத்துக்குச் சமமாகிவிட்டால், எவ்வளவு பலசாலி நேராகத் தள்ளினாலும் சக்கரம் ஏறாது. ஒரு பென்சிலை டேப் போட்டுத் தரையில் ஒட்டி, வீட்டில் இருக்கும் பொம்மை வண்டிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் தள்ளிப் பாருங்கள். பிறகு அச்சில் நூலைக் கட்டிச் சற்று மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். முரண்டு பிடித்த வண்டியும் ஏறும்.

குப்புற விழுவது ஏன்? வண்டி நின்றது, பிள்ளை நிற்கவில்லை. அதுவரை போய்க்கொண்டிருந்த உடம்பு தொடர்ந்து போகத்தான் பார்க்கும். இதுதான் நிலைமம். கையோ உயரத்தில் இருக்கும் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முன்சக்கரம் சிக்கிய இடத்தை மையமாக வைத்து வண்டி முன்பக்கமாகக் கவிழ்கிறது, பிள்ளையும் கூடவே.

அந்தத் தேருக்கு நான்கு வேண்டாம், மூன்று சக்கரம் போதும் என்று முடிவு செய்தவர் யாரோ, கெட்டிக்காரர். முக்காலியைக் கரடுமுரடான தரையில் வைத்தாலும் ஆடாது. நான்கு கால் நாற்காலி ஆடும். எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமைந்துவிடும், நான்காவதற்கு அந்த உறுதி இல்லை. மண் முற்றத்தில் ஓடும் வண்டிக்கு இது பெரிய வசதி. நம் ஊர் ஆசாரிமார் செய்யும் மர நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம்தான்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் ஆண் குழந்தைக்குரிய பத்துப் பருவங்களில் கடைசியாகச் சிறுதேர் உருட்டலை வைத்தார்கள். பெண் குழந்தைக்கு அந்த இடத்தில் ஊசல். ஊசலிலும் நல்ல இயற்பியல் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் தேரை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தது எனக்குச் சம்மதமில்லை.

சரி, நடைவண்டிக்கு வருவோம். வீட்டுக்கு வீடு பாட்டிமார் சொல்லும் ஒரு புகார் உண்டு: “அந்தக் காலத்து வண்டி பிள்ளை தள்ளினாத்தான் போகும். இப்ப வாங்குற பிளாஸ்டிக் வண்டி, தொட்டாலே ஓடுது. பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சா வழுக்கி விட்டுடுது.” பாட்டி சொல்வது சரி. பழைய நடைவண்டியில் மர அச்சு, மரச் சக்கரம். மரமும் மரமும் உரசும். அந்தக் கிரீச் சத்தம்தான் பிரேக். தரையும் மண் தரை அல்லது சிமெண்டுத் தரை. இன்று வழவழப்பான பிளாஸ்டிக் சக்கரம், உள்ளே மெல்லிய இரும்புக் கம்பி அச்சு, கீழே பளபளக்கும் டைல்ஸ். தடுக்க எதுவும் இல்லை.

அனுபவப்பட்ட பெற்றோர் இதற்குக் கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு மூன்று கிலோ எடையை, அரிசிப் பையையோ மணல் பையையோ, நகராதபடி கட்டிவிடுவார்கள். இதில் இரண்டு லாபம். எடை கூடினால் அச்சில் அழுத்தமும் உராய்வும் கூடும்; வண்டி சட்டென்று ஓடாது. இன்னொன்று, பிள்ளை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி எழும்போது வண்டி பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். முன்னால் இருக்கும் எடை அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கும். சீசாவில் கனமானவரைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு, பையை எங்கே கட்டுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நடைவண்டி வேறு, நடுவில் குழந்தையைத் தொங்கவிட்டாற்போல் உட்கார வைக்கும் வட்ட வாக்கர் வேறு. நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கி நிற்கிறது. கால் போகும் வேகம்தான் வண்டியின் வேகம். வாக்கரில் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும். விரல் நுனியால் தரையை உந்தினால் போதும், ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் போய்விடும். “பக்கத்துலதான் இருந்தேன், அதுக்குள்ள படிக்கட்டுல உருண்டுட்டான்” என்று பெற்றோர் சொல்வதில் பொய்யில்லை. பெரியவர் எழுந்து எட்டிப் பிடிப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். கனடா 2004-இல் இந்த வாக்கர்களின் விற்பனையையே தடை செய்துவிட்டது. இதில் நான் பாட்டியின் நடைவண்டிக் கட்சி.

கொஞ்சம் வளர்ந்தால் மூன்று சக்கர சைக்கிள். அதில் வேகமாக வளைந்தால் வெளிப்பக்கமாகக் கவிழும், அதோடு அதை விட்டுவிடலாம். அதைவிடச் சுவையானது, கடைகளில் ஸ்விங் கார் அல்லது மேஜிக் கார் என்று விற்கிறார்களே, அது. மிதிகட்டை இல்லை, மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டினால் முன்னே போகிறது. ரகசியம் அடியில் இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: முன்சக்கரங்கள் ஸ்டீயரிங் தண்டுக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரங்கள் சாய்ந்த நிலையில் தரையைப் பக்கவாட்டில் உந்துகின்றன. சக்கரம் தன் அச்சின் திசையில் சறுக்காது, உருளும் திசையில்தான் போகும். அதனால் பக்கவாட்டு உந்தலின் ஒரு பங்கு முன்னோக்கித் திரும்பிவிடுகிறது. தரையில் பிடிப்பு இருந்தால்தான் இது நடக்கும். துடைத்த ஈரம் காயாத தரையில் ஆட்டிப் பார்த்த பிள்ளைக்கு அது தெரியும். கை வலிக்கும், கார் நகராது.

ஆக, தரையைத் தொடும் விளிம்பில் உராய்வு வேண்டும், அச்சில் வேண்டாம். நடைவண்டி மட்டும் இதற்கு விதிவிலக்கு, அங்கே அச்சு உரசுவது நல்லது. மற்ற வண்டிகளில் இந்த இரண்டும் இடம் மாறினால் “வாங்கி ஒரு வாரம்கூட ஆகல, ஓட மாட்டேங்குது” என்ற புகார் வந்துவிடும். அப்படி நின்றுபோன ஒரு காரை என் அக்கா என்னிடம் கொடுத்தார். கவிழ்த்துப் பார்த்தேன். பின் அச்சில் தலைமுடி. கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெள்ளை முடியும் கறுப்பு முடியுமாக இறுக்கிச் சுற்றி, ஒரு வளையமாகவே ஆகியிருந்தது. கூடவே சோபாவின் சிவப்பு நூல். முடிவாங்கியால் இழுத்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. எடுத்து முடித்ததும் கார் ஓடியது. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் டைல்ஸில் நின்ற இடத்திலேயே சுற்றியது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் காணாமல் போயிருந்தது. அச்சில் வேண்டாத உராய்வு வந்துவிட்டது, விளிம்பில் வேண்டிய உராய்வு போய்விட்டது.

காணாமல் போன அந்த ரப்பர் வளையத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அக்கா வீட்டில் தவழும் குழந்தை ஒன்றும் இருக்கிறது. பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் எதுவும் 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையில் இருக்கக் கூடாது, கழன்று வரவும் கூடாது. குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்துப் போட்ட அளவு அது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அட்டைப் பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தை நன்றாக இழுத்தும் பாருங்கள். சக்கரம் தள்ளாடுவதும் கெட்ட சகுனம். ஹரப்பாக் காலத்துச் சுடுமண் வண்டிச் சக்கரங்கள் பலவற்றில் நடுத்துளையைச் சுற்றி ஒரு மேடு இருக்கும். வண்டிக்காரர்கள் அதைக் குடம் என்பார்கள். அந்த மேட்டால் துளை நீளமாகிறது; துளை நீளமாக இருந்தால் சக்கரம் அச்சில் தலையாட்டாது. 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய குயவர்களுக்குத் தெரிந்தது, இன்றைய சில மலிவுப் பொம்மைகளுக்குத் தெரியவில்லை.

சைரன் அடிக்கும் கார்களைப் பற்றி அப்பாக்களிடம் கேட்காதீர்கள். ஒலிபெருக்கித் துளைகளின்மேல் செல்லோடேப் ஒட்டாத வீடு குறைவு. ஆனால் அந்தக் கார்களிலும் ரிமோட்டுகளிலும் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், ஈரம் பட்டு அங்கேயே மின்னோட்டம் பாயத் தொடங்கும். பேட்டரியைச் சுற்றிக் காரம் உண்டாகித் திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஆகிவிடலாம். பேட்டரி மூடியில் திருகாணி போடுவது இதற்காகத்தான். மூடி திறந்து, உள்ளே பேட்டரி இல்லாமல் கிடந்தால், திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது.

பேட்டரியே இல்லாமல் ஓடும் கார்கள்தான் எனக்கு எப்போதும் பிடித்தவை. பின்னால் இழுத்து விடும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் வயிற்றில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டி. உள்ளே சுருட்டிய எஃகுப் பட்டை, சில வெள்ளைப் பல்சக்கரங்கள். காரைப் பின்னால் இழுக்கும்போது சக்கரம் கொஞ்சம் சுற்றினாலே பட்டை இறுகிவிடும்படி பற்கள் அமைந்திருக்கும். அதனால்தான் இழுக்கக் கனமாக இருக்கிறது. விட்டதும் ஒரு பல்சக்கரம் தன் நீளத்துளையில் நகர்ந்து வேறொரு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பட்டை கொஞ்சம் தளர்ந்தாலே கார்ச் சக்கரம் பல சுற்று சுற்றும்.

20 செ.மீ. தூரத்துக்கு 3 நியூட்டன் விசையில் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போன ஆற்றல் 0.6 ஜூல். ஓடும்போது அதைத் தடுக்கும் விசை 0.1 நியூட்டன்தான் என்றால் 6 மீட்டர் ஓட வேண்டும். பற்கள் உரசுவதில் கொஞ்சம் போய்விடுவதால் அவ்வளவு ஓடாது. ஆனாலும் ஒரு சாண் இழுப்பில் கூடத்தைக் கடந்துவிடுகிறது. நிறைய இழுத்தால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். தம்பி உடைத்துவிட்டான் என்று பயப்பட வேண்டாம். பட்டை அறுந்துவிடாமல் இருக்க, இனி இறுக்கப் போவதில்லை என்று உள்ளிருக்கும் கிளட்ச் நழுவும் சத்தம் அது.

‘ர்ர்ர்’ என்று தேய்த்து விடும் கார் வேறு சாதி. அதில் சுருட்டிய பட்டை இல்லை. கனமான ஒரு சிறு உலோகத் தட்டு இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கப் பல்சக்கரங்கள் அதைப் பல மடங்கு வேகத்தில் சுழற்றும். ஆற்றல் அந்தச் சுழற்சியில்தான் சேர்கிறது. தரையில் விட்டதும் தட்டு திருப்பிச் சக்கரத்தைச் சுழற்றும்.

கடையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று தெரிய, பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒன்றை மேசையில் வைத்து முன்பக்கமாக ஒரு தள்ளு தள்ளிவிடுங்கள். ‘ர்ர்ர்’ என்று போய்க்கொண்டே இருந்தால் உள்ளே தட்டு. சும்மா உருண்டு நின்றால், பின்னால் இழுத்துப் பாருங்கள். தட்டு வைத்த கார் பின்பக்கம் தேய்த்தால் பின்பக்கமே ஓடும், பட்டை வைத்த கார் பின்னால் இழுத்தால் முன்னால்தான் பாயும். மேசை விளிம்பில் ஒரு கை வைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைக்காரர் முறைத்தால் நான் பொறுப்பில்லை.