பிண வண்டியில் போன பூக்கள்!
அப்பா - மகன் செய்த கண்ணாடி அதிசயம்

1976-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து நியூயார்க் நகருக்குப் பிண வண்டிகள் புறப்பட்டன. உள்ளே பிணம் இல்லை. பூக்கள் இருந்தன!

கண்காட்சிக்குப் போன அந்தப் பூக்கள் அத்தனையும் கண்ணாடி. வண்டி குலுங்கினால் இதழ் நொறுங்கிவிடும். குலுங்காமல் போவது பிண வண்டிதான் என்று அதில் ஏற்றிவிட்டார்கள்.

இந்தப் பூக்களைச் செய்தது யார்? விவரம் வருமாறு:-

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர் அருகே வாழ்ந்தவர் லியோபோல்டு பிளாஷ்கா. மகன் ருடால்ப். பரம்பரையாகக் கண்ணாடித் தொழில். ஜெல்லி மீன் போன்ற கடல் பிராணிகளைக் கண்ணாடியில் செய்து மியூசியங்களுக்கு விற்று வந்தார்கள். ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் அவை நிறம் வெளுத்துச் சுருங்கிவிடும். கண்ணாடியில் செய்தாலோ உயிரோடு மிதப்பது போல இருக்கும்.

பேராசிரியர் வந்தார்

1886-ல் ஹார்வர்டு தாவரவியல் பேராசிரியர் குடேல் இவர்களைத் தேடி வந்தார். செடியைக் காய வைத்தால் நிறமும் போச்சு, உருவமும் போச்சு. மாணவர்களுக்குக் காட்டக் கண்ணாடியில் செடிகள் வேண்டும் என்றார். அப்பா தயங்கினார். பிறகு சம்மதித்தார்.

முதலில் அனுப்பிய மாதிரிகளைச் சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். பல உடைந்துபோயின! ஆனால் உடைந்த துண்டுகளே போதுமானதாக இருந்தது. அதன் அழகில் மயங்கி, எலிசபெத் வேர், மேரி வேர் என்ற தாயும் மகளும் பணம் கொடுக்க முன்வந்தார்கள்.

விளக்குத் தீயில்...

காலால் துருத்தியை மிதிப்பார்கள். விளக்குத் தீயில் கண்ணாடி இளகும். இடுக்கியால் இழுத்தால் இதழ் வரும். தண்டுக்குள் கம்பி. இலை நரம்பும் தப்பாது. பூவின் உள்பாகத்தைப் பல மடங்கு பெரிதாக்கியும் செய்தார்கள். நோய் பிடித்து அழுகிய பழங்களைக் கூட ருடால்ப் விடவில்லை!

1895-ல் அப்பா இறந்தார். மகன் தனி ஆளாக 1936 வரை உழைத்தார். மொத்தம் சுமார் 4,300 மாதிரிகள். செடி வகை மட்டும் 780 இருக்கும்.

ரகசியம் என்ன?

ஏதோ ரகசியக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்படி ஒன்றும் கிடையாது, தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம்தான் என்று லியோபோல்டு கடிதம் எழுதினார்.

அந்தக் கைப்பழக்கத்துக்கு வாரிசு இல்லாமல் போனதுதான் சோகம். ருடால்புக்குப் பிள்ளை இல்லை. தொழில் கற்றுக்கொள்ளச் சீடனும் இல்லை. 1939-ல் அவர் கண்ணை மூடினார். குடும்பத் தொழிலும் அவரோடு போச்சு.

பூக்கள் மட்டும் ஹார்வர்டு மியூசியத்தில் இன்றும் வாடாமல் இருக்கின்றன. உடைந்ததை ஒட்டவும் தூசி துடைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். பூச்செய்த அந்த இரண்டு ஜோடிக் கைகள்தான் இல்லை!