அடிச்ச ஆள் இல்லாத வன்முறை

அரசு வன்முறைன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது லத்தி, துப்பாக்கி. அதுல அடிச்சவர் யாருன்னு கைகாட்ட முடியும். அடிச்ச ஆளே இல்லாம ஒருத்தர் செத்துப்போனா?

நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங் 1969-ல் இதுக்குக் ‘கட்டமைப்பு வன்முறை’ன்னு பேர் வெச்சார். அவரோட உதாரணம் காசநோய். 18-ம் நூற்றாண்டில் அதில் ஒருத்தர் இறந்தா, யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. மருத்துவம் வளர்ந்த பிறகும் இறந்தா, அது வன்முறை.

சரி, மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவுல என்னதான் நடக்குது? அரசாங்க ஆபீஸ்லயே உக்காந்து இந்த மாதிரி இடைவெளியைப் பார்த்தவர் அகில் குப்தா. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு மானிடவியலுக்கு வந்தவர் (நம்ம ஜாதி!). 1980-களில் வட இந்தியாவில் ஒரு கிராமத்தில் களப்பணி செஞ்சார். அங்கே பட்வாரின்னு ஒருத்தர், ஏறக்குறைய நம்ம வி.ஏ.ஓ. மாதிரி. நிலப் பதிவேடு அவர் கையில. பேரம் எல்லார் முன்னாடியும் நடக்கும். ரெண்டு இளைஞர்கள் ஒரு வேலையா வர்றாங்க. எவ்வளவு தரணும்னு யாரும் நேரடியா சொல்லல. கொஞ்சமா நீட்டினதும் அங்கே இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. லஞ்சம் கொடுக்கத் தயாரா இருந்தும், எப்படிக் கொடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியல. அந்தப் பழக்கம் இல்லாதவங்களுக்கு அரசாங்கம் அங்கேயே நின்னுடுது.

2012-ல் வந்த ‘ரெட் டேப்’ புத்தகத்தில் இதையே பெருசாக்கி, ஒரு சங்கடமான கேள்வி கேக்குறார். இந்தியாவில் ஏழைகளை யாரும் ஒதுக்கி வைக்கல. ஓட்டு இருக்கு, அவங்க பேர்லயே திட்டங்கள் இருக்கு. அப்புறமும் ஏன் இத்தனை பேர் சாகுறாங்க? அதிகாரிகளுக்கு அக்கறை இல்லைங்கிற சுலபமான பதிலை அவர் ஏத்துக்கல. அக்கறையோட வேலை செய்றவங்க இருக்கிற ஆபீஸ்லயும், யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காதுங்கிறது தற்செயல் மாதிரி முடிவாகுது. முதியோர் பென்ஷன் கேட்டு வர்றவங்ககிட்ட வயசை நிரூபிக்கக் காகிதம் இல்லைன்னு வைங்க. நாம ஃபார்ம்ல ‘பிறந்த தேதி கட்டாயம்’னு சிவப்பு நட்சத்திரம் போடுறோமே, அதுக்கு முன்னாடி அவங்க நிக்கிறாங்க.

எனக்கு இதுல ஒரு தயக்கம் உண்டு. லத்தி அடியையும் ஃபைல் தாமதத்தையும் ஒரே சொல்லால சொன்னா, அடிச்சவர் தப்பிச்சிட மாட்டாரா? ஆனா துப்பாக்கிச் சூட்டுல சாவு நடந்தா விசாரணை கமிஷனாவது கேக்கலாம். பென்ஷன் வராம போன உயிருக்கு யார்கிட்ட கேக்குறது?

படிக்க நினைச்சா, முதல்ல அவரோட 1995 கட்டுரையை எடுங்க. பட்வாரி கதை அதுலதான் இருக்கு.