சேர்ந்து படிப்போம் – 11: எந்த மொழியில் கேட்டீர்கள்?

சென்ற வாரம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பற்றிப் பார்த்தோம். 21 வகைக் குறைபாடுகளை அந்தச் சட்டம் ஏற்றிருக்கிறது. 6 வயது முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமை ஓசூர்ப் பக்கம் வந்ததும் முதலில் முட்டி நிற்பது மொழியில்தான். பிள்ளையின் திறனை எந்த மொழியில் கேட்டு அளப்பது? எந்த மொழியில் கற்றுக்கொடுப்பது? இந்த வாரம் முழுக்க அதைத்தான் பேசப்போகிறோம்.

கிருஷ்ணகிரி, 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். ஓசூர், தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி ஊர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. உருது பேசும் வீடுகள் உண்டு. பெட்டமுகிலாளம் மலைப் பக்கம் இருளர் குடியிருப்புகள் உண்டு. சிப்காட் வந்து ஆலைகள் பெருகிய பிறகு பிஹார், ஒடிசா, அசாம் என்று வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. ஒரே வகுப்பறையில் நாலைந்து வீட்டு மொழிகள் இருப்பது இங்கே சாதாரணம்.

மற்றப் பிள்ளைகளுக்கு இது பெரிய தடையாவதில்லை. தெருவில் விளையாடி, சண்டை போட்டு, இரண்டொரு வருடத்தில் தமிழைப் பிடித்துக்கொள்கிறார்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் தெரு அந்த வேலையைச் செய்து தராது. அவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும். அந்த யாராவது என்ன மொழி பேசுகிறார் என்பது அங்கே பெரிய விஷயம்.

முதலில் மதிப்பீட்டு முகாமைப் பார்ப்போம். ஒரு நீள மேசை, வெளியே காத்திருக்கும் தாய்மார்கள், உள்ளே மருத்துவரும் உளவியலாளரும். தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வந்த ஏழு வயதுப் பையன் முன்னால் ஒரு மரப்பலகையை வைக்கிறார்கள். செகுவின் ஃபார்ம் போர்டு என்று அதற்குப் பெயர். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்று 19ஆம் நூற்றாண்டில் செய்துகாட்டிய பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகுவின் வழியில் வந்த கருவி. வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து வடிவக் குழிகள் இருக்கும். பத்துக் கட்டைகளையும் எடுத்து அவற்றில் பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்வார்கள். மூன்றில் எது குறைந்த நேரமோ அதை வைத்து மனவயது கணக்கிடப்படும்.

பேச்சே தேவைப்படாத சோதனை என்று இதற்குப் பெயர். ஆனால் ‘எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வை’ என்ற ஒரு வாக்கியம் பிள்ளைக்குப் புரிந்தாக வேண்டும். அது புரியாத பையன் நட்சத்திரத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அம்மா முகத்தைப் பார்த்து, பிறகு நிதானமாக வைக்கிறான். பத்தும் சரியாகத்தான் இருக்கிறது. கடிகாரம் மட்டும் ஓடிவிட்டது. பேச்சு தேவைப்படாத சோதனையிலேயே இப்படி என்றால், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, படத்தில் உள்ளதைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் பினே–காமத் சோதனையில் என்ன ஆகும்? அந்தச் சோதனையை 1930களில் தார்வாடில் வி.வி. காமத் உருவாக்கியதே கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காகத்தான். பாரிஸில் பிறந்த சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது, இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து அமைக்க வேண்டும் என்பது அவருக்கு அன்றே தெரிந்திருந்தது.

மொழி தெரியாமல் தடுமாறிய பிள்ளையை அறிவு குறைந்த பிள்ளை என்று எழுதிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 1970இல் கலிபோர்னியாவில், ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் 9 பிள்ளைகள் சார்பில் டயானா வழக்கு தொடுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஸ்பானிஷிலும் கேட்டு மறுபடி சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்கவே வேண்டாதவர்கள் என்று தெரிந்தது. இனி தாய்மொழியில் சோதிப்போம் என்று மாநில அரசு உடன்பட்டு வழக்கு முடிந்தது. 1975இல் வந்த அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம், பிள்ளையின் தாய்மொழியிலேயே சோதனை நடத்த வேண்டும் என்று எழுதிவைத்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் நம் பள்ளிகளில் நடக்கிறது. அது இன்னும் கொடியது. ‘வீட்டில் கன்னடம் பேசுகிறவள், போகப்போகச் சரியாகிவிடுவாள்’ என்று நல்ல மனதோடுதான் ஆசிரியர் விட்டுவிடுகிறார். உண்மையில் அந்தப் பெண்ணுக்குக் காது பாதிதான் கேட்கிறது. மூன்றாம் வகுப்பு வரை யாரும் கண்டுபிடிப்பதில்லை. மொழிச் சிக்கல் குறைபாட்டை மறைத்துவிடுகிறது. பேச்சு வளரும் வயது திரும்பி வராது.

இரண்டு தவறையும் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வீட்டு மொழியில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அம்மாவிடம் கேட்பது. ‘உள்ளே போய்ச் செம்பை எடுத்து, தண்ணீர் மொண்டு பாட்டிக்குக் கொடு’ என்று வீட்டு மொழியில் சொன்னால் செய்கிறானா? அவன் வயதில் அவன் அண்ணன் என்னென்ன பேசினான்? முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறானா? வீட்டு மொழியில் வயதுக்கேற்ப இருந்து, பள்ளி மொழியில் மட்டும் தடுமாறினால் அவனுக்குத் தேவை மொழிப் பயிற்சி. இரண்டிலும் பின்தங்கியிருந்தால் காலம் கடத்தாமல் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிய, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட ‘டாலி’ சோதனைத் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வந்தது. பிள்ளை படிக்கும் மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

கண்டறிந்த பிறகு கற்பித்தல். இங்கே பெற்றோர்களிடம் ஒரு தவறான அறிவுரை பரவிக் கிடக்கிறது. ‘பிள்ளைக்கு ஒரு மொழியே வரவில்லை, நீங்கள் வீட்டில் தெலுங்கை நிறுத்திவிட்டுத் தமிழ் மட்டும் பேசுங்கள்’ என்பது. படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் இரண்டு மொழியோடு வளர்ந்தவர்களின் ஆங்கிலம், ஒரே மொழியோடு வளர்ந்தவர்களின் ஆங்கிலத்தைவிட எந்த வகையிலும் குறைந்திருக்கவில்லை.

அந்த அறிவுரையால் வருகிற கேட்டை காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளிடம் பார்க்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை இலவசம். லட்சங்களில் செலவாகும் கருவி அது. ஆனால் கருவி ஒலியைத்தான் கொண்டுவந்து தரும். அந்த ஒலியைப் பேச்சாக்குவது, காலையில் எழுப்புவது முதல் இரவு தூங்கவைப்பது வரை அம்மா பேசுகிற பேச்சு. கடையில் பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் தெரிந்த தாயிடம் தெலுங்கைக் கைவிடச் சொன்னால், அவள் பேச்சே குறைந்துபோகும். கொஞ்சல் இல்லை, திட்டு இல்லை, கதை இல்லை. பிள்ளைக்குக் காது திறந்த நேரத்தில் வீடு மௌனமாகிவிடுகிறது. முதலில் அம்மாவின் மொழி வேரூன்றட்டும். தமிழ் அதன் மேல் ஏறி நிற்கும்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலை நம் நாடு எப்போதோ தீர்த்துவைத்தது. 1951இல் பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. தமிழ் ‘க’வுக்கும் கன்னட ‘க’வுக்கும் தெலுங்கு ‘க’வுக்கும் அதில் ஒரே புள்ளிகள்தான். கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும் மூன்று எழுத்தும் விரலுக்கு ஒன்றே. ஆனேக்கல்லில் கன்னடத்தில் பிரெய்ல் படித்த பிள்ளை ஓசூருக்கு வந்து தமிழ் பிரெய்ல் தொடங்கினால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். எல்லையைத் தாண்டும் பிள்ளைக்காக யோசிக்க முடியும் என்பதற்கு அது சான்று. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு அப்படி யாரும் யோசிக்கவில்லை.

ஆகவே அந்த யோசனை முழுக்கச் சிறப்புப் பயிற்றுநரின் தலையில் விழுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வருபவர்கள் இவர்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் வேலையைக் கிட்டே இருந்து பார்த்தால்தான் அருமை தெரியும். சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். பொத்தானைப் பிடிப்பது, துளையை விரிப்பது, பாதி நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது என்று வேலையை உடைத்துக்கொள்கிறார். முதல் நாள் எல்லாவற்றையும் தானே செய்து, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுகிறார். ‘நான் முடித்தேன்’ என்ற மகிழ்ச்சி முதல் நாளே அவனுக்குக் கிடைத்துவிடும். சில நாள் கழித்துக் கடைசி இரண்டு படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்து, ஒருநாள் முழுச் சட்டையையும் அவனே போட்டுக்கொள்வான். ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல். அந்தச் சொல் அவன் வீட்டில் புழங்கும் சொல்லாக இருந்தால், ஸ்பெஷல் டீச்சர் போன பிறகு பாட்டியும் அதே சொல்லைச் சொல்லி அதே பாடத்தைத் தொடர முடியும். வேறு மொழியாக இருந்தால், டீச்சர் மறுபடி வரும்வரை பாடம் நின்றுபோகும்.

இந்தப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் சொன்னது. அஞ்செட்டி மலைப் பாதையில் பேருந்து பிடித்துப் போய்வரும் ஒருவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப்பாருங்கள். நிலையில்லாத வேலையை விட்டு அவர் போகும்போது, ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர் சேர்த்து வைத்திருந்த சொற்களும் பழக்கமும் அவரோடு போய்விடுகின்றன. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லையின் இன்னொரு விளைவு பெங்களூரு. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நிமான்ஸ் பக்கத்தில் இருப்பதால் பலர் அங்கே போகிறார்கள். 1965 முதல் இயங்கும் மைசூரு பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்கும் போகிறார்கள். நல்ல மருத்துவர்கள், நல்ல பரிசோதனை. ஆனால் கையில் வரும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை உள்ளூர்ப் பள்ளியில் படித்துச் செயல்படுத்த ஆள் இல்லாவிட்டால் அது பீரோவில்தான் கிடக்கும். பெற்றோர் ஒன்றை நினைவில் வையுங்கள்: குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆவது பிரிவு சொல்கிறது. மாநிலம் மாறியதைக் காட்டி யாரும் அதைத் தள்ள முடியாது.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஓசூரிலேயே பதில் இருக்கிறது. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், தன் ஓசூர்க் கடிகார ஆலையில் ஆரம்ப காலம் முதல் மாற்றுத்திறனாளிகளைப் பணியில் வைத்திருக்கிறது. நுணுக்கமான வேலை அது. தனியார் துறையிலும் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி ஊக்கம் தர வேண்டும் என்று சட்டத்தின் 35ஆவது பிரிவு அரசுக்குச் சொல்கிறது. இத்தனை ஆலைகள் உள்ள மாவட்டத்தில் வாய்ப்புக்குப் பஞ்சம் வரக் கூடாது. அந்த வாயில்வரை பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கொண்டுவருவதில்தான் நாம் தோற்கிறோம்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. மதிப்பீட்டு முகாமில் தெலுங்கு, கன்னடம், உருது தெரிந்த ஒருவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த மொழியில் சோதித்தோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரமாக்கி, எல்லையோர ஒன்றியங்களுக்கு அந்த ஊர் மொழி தெரிந்தவர்களை முதலில் அனுப்ப வேண்டும். சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கும் ஆலைகள் பெயர்ப்பலகை வைக்கும் கட்டடங்களோடு நிறுத்தாமல், இந்தப் பயிற்றுநர்களின் பேருந்துச் செலவுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையைப் பற்றி யாராவது ஒரு எண்ணை எழுதிக் கையில் கொடுத்தால், ‘எந்த மொழியில் கேட்டீர்கள், சார்?’ என்று தயங்காமல் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இருக்கிறது.

(தொடரும்)