இதையுமா எழுத வேண்டும்?

வேலைக்கு மனுப் போட்டவர்களுக்கு அந்தக் கேள்விக் காகிதம் புதிதல்ல. பெயர் என்ன, வயது என்ன, படிப்பு என்ன என்று ஆரம்பிக்கும். மளமளவென்று எழுதிக்கொண்டே போவோம். நடுவில் ஏதோ ஒரு கேள்வி பேனாவை நிறுத்திவிடும். 'இதையுமா இவர்களிடம் சொல்ல வேண்டும்?' என்று தோன்றும். ஆனால், உத்தியோகம் வேண்டுமே! எழுதிக் கொடுத்துவிடுவோம்.

அப்படி எழுதிக் கொடுத்தவர்தான் இந்தப் பெண்மணியும். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனில் உதவியாளர் வேலைக்கு எழுத்துப் பரீட்சையிலும் பேட்டியிலும் தேறியிருந்தார். 1989 மே 25-ந் தேதி ஒரு பாரத்தை நீட்டினார்கள். அதில் இருந்த கேள்விகள் என்ன தெரியுமா? மாதவிலக்கு ஒழுங்காக, வலியில்லாமல் வருகிறதா? கடைசியாக வந்த தேதி என்ன? எத்தனை தடவை கருவுற்றீர்கள்? கர்ப்பம் கலைந்ததுண்டா? பெற்ற தாயிடம் சொல்லவே மகள் கூசுகிற சமாசாரமெல்லாம் காரியாலயப் பைலில் ஏற வேண்டுமாம்!

அன்றைக்கே ஒரு லேடி டாக்டர் பரிசோதித்து, வேலைக்குத் தகுந்த தேகநிலைதான் என்று சொல்லிவிட்டார். செப்டம்பரில் வேலை கிடைத்தது. டிசம்பர் கடைசியில் பிரசவ லீவு. 1990 ஜனவரி 11-ந் தேதி குழந்தை பிறந்தது. பிப்ரவரி 13-ந் தேதியிட்டு ஓர் உத்தரவு! வேலை போய்விட்டது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. கோர்ட்டில்தான் அது வெளிவந்தது: மாதவிலக்குத் தேதியைப் பொய்யாக எழுதிவிட்டாராம்!

தில்லி ஹைக்கோர்ட் மனுவைத் தள்ளிவிட்டது. அவர் விடவில்லை, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1991 அக்டோபர் 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. அவருடைய வேலையில் குறை எதுவும் இல்லை. நீக்கியதற்குக் காரணம் அந்தப் பாரம்தான் என்று கோர்ட் கண்டது. இப்படிப்பட்ட கேள்விகள் ஒரு பெண்ணின் மானத்துக்கும் சுயமரியாதைக்கும் இழுக்கு. அவற்றைப் பாரத்திலிருந்தே எடுத்துவிடுவது நல்லது என்றது கோர்ட். அவரை மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று.

2017 ஆகஸ்ட் 24-ந் தேதி, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகச் சொன்னார்கள். ஆனாலும், 2023-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் சட்டம், வேலை சம்பந்தமான காரியங்களுக்கு ஊழியரின் சம்மதம் கேட்காமலே அவருடைய தகவலைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் வைத்திருக்கிறது. 'வேலை சம்பந்தம்' என்பது எதுவரை நீளும்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

ஆகவே, அடுத்த தடவை பாரத்தில் பேனா தயங்கினால், "இந்த விவரம் எந்தக் காரியத்துக்கு, ஸார்?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை. அன்று ஒரு பெண்மணி கேட்டதால்தானே அந்தக் கேள்விகள் வேண்டாமென்று கோர்ட்டே சொன்னது?